பல் நரம்பைக் காப்பாற்றிய சுண்ணாம்பும் சிமெண்டும்

சொத்தைப் பல் என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் வைத்தியம், "பிடுங்கிப் போட்டுடு". விவரம் தெரிந்தவர்கள் "ரூட் கெனால் பண்ணிடு" என்பார்கள். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் மெல்லிய சதைக்குப் பற்கூழ் என்று பெயர். அதை உயிரோடு காப்பாற்றுவதுதான் அந்த வழி. அதற்கு ஒரு சுவையான சரித்திரம் உண்டு.

1756-ல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் பல் மருத்துவர் பிலிப் பாஃப், வெளியே தெரிந்த பற்கூழைத் தங்கத் துண்டால் மூடும் முறையை எழுதி வைத்தார். துண்டு சதையை அழுத்தாமல் இருக்க, அதைக் குழிவாக வளைக்கச் சொன்னார். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று யாரும் நிரூபிக்காத காலம் அது!

அடுத்த பெரிய மாற்றம் 1920-களில். ஜெர்மனியின் ஹெர்மான், கால்சியம் ஹைட்ராக்சைடைப் பயன்படுத்தினார். அது வேறொன்றுமில்லை, நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் சுத்தமான வடிவம்தான். (வீட்டுச் சுண்ணாம்பைப் பல்லில் வைத்துவிடாதீர்கள், வெந்துவிடும்.) இதை வைத்தால் பற்கூழ் தனக்குத் தானே ஒரு கெட்டியான சுவரைக் கட்டிக்கொண்டது. ஆனால் நாளாக ஆக மருந்து கரைந்தது. சுவரிலும் ஓட்டைகள் இருந்தன.

சரி, எந்த மருந்துதான் நல்ல மருந்து? கேள்வியே தப்பு என்று காட்டியது 1965-ல் அமெரிக்காவில் ககேஹாஷி குழுவினர் வெளியிட்ட ஆய்வு. எலிகளின் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்தே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் அழுகியது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கோ, மருந்தே வைக்காமல் சில வாரங்களில் ஆறிவிட்டது! ஆக, எதிரி ஓட்டை அல்ல, கிருமி.

1993-ல் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாட் குழுவினர் எம்.டி.ஏ. என்ற பொருளை அறிமுகம் செய்தார்கள். அதன் அடிப்படை, கொத்தனார் குழைக்கும் போர்ட்லாண்ட் சிமெண்ட். ஈரத்திலும் இறுகி, கிருமி நுழைய இடுக்கு விடாமல் அடைப்பதுதான் அதன் பலம்.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் தொடங்கினார். இன்று காட்டுப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே, வேலப்பன்சாவடியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வைத்தியம் அருகில் வந்துவிட்டது. நாம்தான் பல் வலி வந்தால் கிராம்பை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நாள் கடத்துகிறோம்.

இந்தச் சிகிச்சையின் வெற்றி எதைப் பொறுத்தது? பற்கூழில் வீக்கம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, சிகிச்சையின்போது ரத்தக் கசிவு சில நிமிடங்களில் நிற்கிறதா, எச்சில் படாமல் வேலை நடந்ததா, மேலே வைத்த அடைப்பு கசியாமல் நிற்கிறதா என்பவற்றைத்தான். வேர் முழுதாக வளராத சிறுவர்களின் பல்லுக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் வாய்ப்பும் அதிகம். பெரியவர்களுக்கும் இது பலன் தருவதைச் சமீப கால ஆய்வுகள் காட்டுகின்றன.

இதில் நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: சீக்கிரம் போவது. ஐஸ் வாட்டர் குடித்தால் சுரீரென்று கூசி உடனே நின்றுவிடுகிறதா? பற்கூழைக் காப்பாற்ற வாய்ப்பு மிக அதிகம் உள்ள கட்டம் அதுதான். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி வரும் வரை காத்திருக்காதீர்கள்.