அலை உயரம் ஒலிபெருக்கிக்கு வந்த கதை

எங்க மடவார் வளாகத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்ல. மேற்கே பார்த்தா மலை, தண்ணின்னா கண்மாய். ஆனா சர்வர், டேட்டா என்று பிழைப்பு நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று புதுச்சேரி கடற்கரையில் இருக்கிறது.

கடலை அளப்பது நமக்குப் புதுசு இல்ல. சென்னையின் கடல்மட்டப் பதிவுகள் 1916லிருந்தே இருக்கின்றன. இங்கிலாந்தின் லிவர்பூலில் உள்ள உலகக் கடல்மட்டத் தரவு மையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அவற்றை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விடிகாலையில் வலையோடு கிளம்புகிறவருக்கு அதனால் என்ன பயன்? அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இன்னைக்கு அலை எவ்வளவு உயரம்?

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் தலைமை மையம். வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. அதை இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டினம் கடற்கரையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வேறு நாட்டுக் கடற்படை தன் தேவைக்குக் கணித்த எண், நம்ம ஊர் மீனவருக்கு உதவியது!

2004 டிசம்பர் 26. சுமத்ரா நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29க்கு. அலை சென்னையைத் தொட்டது சுமார் 9 மணிக்கு. இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்துக்கு மட்டும் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்தார். அறிவு மையத்தின் அதே ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது. ஊரே உயிர் தப்பியது.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. ஆனா பிரச்சினை முடிஞ்சிடல. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் உருவானபோது, குமரி மாவட்ட ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே கிளம்பியிருந்தன. கரையில் எச்சரிக்கை இருந்தது. நடுக்கடலில் சிக்னல் இல்லை. பலர் திரும்பவே இல்லை. அதன் பிறகுதான், 2019இல், செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவி வெளிவந்தது. அதுவும் ஒருவழிப் பாதைதான்; படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது.

எங்க தொழில் பாஷையில் சொன்னா, சர்வரில் டேட்டா இருப்பது வேறு, யூசர் கைக்கு அது போய்ச் சேருவது வேறு. இன்றும் இதே கதைதான். 1990 முதல் 2016 வரை இந்தியக் கடற்கரையில் சுமார் 33 சதவீதம் அரிக்கப்பட்டிருக்கிறது என்கிறது சென்னையிலுள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தின் ஆங்கில அறிக்கை. அரிப்பு தன் வீட்டுக்கு எத்தனை அடி தள்ளி வந்திருக்கிறது என்பதை ஒரு குப்பத்துக்காரர் தமிழில் பார்க்க முடிய வேண்டும். வீராம்பட்டினம் அன்றைக்கே அதற்கு வழி காட்டிவிட்டது. அதுக்குத் தேவைப்பட்டது ஒரு கம்ப்யூட்டர், தமிழாக்கிச் சொல்ல ஒரு ஆள், ஒரு ஒலிபெருக்கி.