பொலொஸ் ஏற்றுமதி

பொலொஸ் என்பது முற்றாத பலாப்பிஞ்சைக் குறிக்கும் சிங்களச் சொல். மலையகத் தமிழரின் அடுக்களையிலும் புழங்குவது. அதைத் தோல்சீவி, துண்டாக்கி, உப்புநீரில் இட்டுத் தகரத்திலோ போத்தலிலோ அடைத்து இலங்கை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. கேகாலை மாவட்டத்து அரநாயக்க போன்ற மலைப்பகுதி வீட்டுத்தோட்டங்களில் மிளகு, கராம்பு, கித்துள் ஆகியவற்றோடு பலாவும் வளர்கிறது. தனித் தோப்பாகப் பயிரிடப்படுவது குறைவு என்பதால் காய்களை வீடுவீடாகச் சேகரிக்க வேண்டியுள்ளது.

வேலையில் கடினமானது வெட்டுவதுதான். காயின் பால் பிசின்போல ஒட்டும். கத்திக்கும் கைக்கும் எண்ணெய் பூசிக்கொள்வர். வெட்டிய முகம் காற்றுப்பட்டதும் கறுப்பதால் துண்டுகளை உடனே சிட்ரிக் அமிலம் கலந்த நீரில் போடுவர். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.6க்குக் கீழே இறங்கினால் கொதிநீர்ச் சூடே போதும். இறங்காவிட்டால் அழுத்தக் கலனில் ஏறத்தாழ 121 பாகை செல்சியஸ் தேவை. இந்த எல்லை வெறும் சடங்கு அன்று: அதைத் தவறவிட்டால் தகரத்துக்குள் பொட்டுலினம் நஞ்சு உருவாகலாம். அமெரிக்காவுக்கு அனுப்பும் ஆலைகள் தம் பதன முறையை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்திடம் பதிய வேண்டும்.

மேலைநாடுகளில் பொலொஸை இறைச்சிக்கு மாற்றாக வாங்குகின்றனர். நார்நாராகப் பிரிவதே காரணம்; ஆனால் புரதம் சொற்பம்.

இந்தக் காயைத் தரும் மரத்தை இலங்கையில் பரப்பியவரும் உண்டு, காக்கும் சட்டமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலா நடுகையைப் பரப்பிய ஆர்தர் வீ. டயஸ் ‘கொஸ் மாமா’ (பலா மாமா) எனப்பட்டார். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலாமரத்தை வெட்ட அனுமதி வேண்டும்.