குடுமியும் கிராப்பும்: தென் தமிழகத்தில் தலைமுடி உரிமையின் சமூக வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தான் விரும்பிய வண்ணம் முடியை வெட்டிக்கொள்வது இன்று தனிமனித விருப்பமாகக் கருதப்படுகிறது. தென் தமிழகத்தின் அண்மைக்கால வரலாற்றில் அது சாதி, குடும்பம், ஊர் ஆகியவற்றின் இசைவைச் சார்ந்தே இருந்தது. 1867இல் கால்டுவெல் குடுமி குறித்து எழுதிய குறுநூல், பாரதி, இராமானுஜன் ஆகியோரின் வாழ்க்கை நிகழ்வுகள், 1930இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது விதிக்கப்பட்ட எட்டுத் தடைகள், அரசியல் நிர்ணய சபையில் ‘கடை’ என்னும் சொல் பற்றி நடந்த விவாதம் ஆகியவற்றை இக்கட்டுரை இணைத்துக் காண்கிறது. முடியின் வடிவத்தைக் காட்டிலும் அதனைத் தீர்மானிக்கும் அதிகாரமே பூசலின் பொருளாக இருந்தது என்பதும், அவ்வுரிமையின் வரலாறு வெட்டிக்கொள்பவரோடு வெட்டுபவரின் வரலாற்றையும் உள்ளடக்கியது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: குடுமி, கிராப்பு, நாவிதர், இராமநாதபுரம் மாவட்டம், தீண்டாமை, சுயமரியாதை இயக்கம்.

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தைச் சேர்ந்த மல்லாங்கிணறு போன்ற கரிசல் நிலப் பேரூர்களில் இன்று ஓர் இளைஞர் கைப்பேசியில் உள்ள படத்தைக் காட்டி, அதைப் போலவே வெட்டுமாறு முடிதிருத்துநரிடம் கேட்பது இயல்பான காட்சி. வீடு திரும்பியதும் பெரியவர்கள் குறைகூறுவதும் பள்ளி கண்டிப்பதும் அதே அளவுக்கு இயல்பானவை. இவ்வுரையாடலைத் தலைமுறை இடைவெளி என்ற அளவில் விளக்கிவிடுவது எளிது. ஆயினும், பிறர் தலைமுடி பற்றித் தீர்ப்பளிக்கும் உரிமை தமக்கு உண்டு என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது வரலாற்று வினா.

இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. இராமநாதபுரம் மாவட்டமோ 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. எனவே இவ்வட்டாரத்தின் வரலாற்றைத் திருநெல்வேலி, இராமநாதபுரம் தொடர்பான பதிவுகளிலும் தேட வேண்டியுள்ளது.

முடி: சொல்லும் தகுதியும்

தமிழில் ‘முடி’ என்னும் சொல் தலைமயிரையும் அரசனது மகுடத்தையும் குறிக்கும். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் பெயரில் குடுமி இடம்பெறுகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பற்றிய புறநானூற்றின் 77ஆம் பாடலில், குடுமி களைதல் இளமை நீங்கிப் போர்க்களம் புகுந்ததன் அடையாளமாகிறது. தலையை மழிப்பதும் முடியை நீட்டி வளர்ப்பதும் ஒழுக்கத்திற்கு ஈடாகா என்று வள்ளுவர் கூடாவொழுக்க அதிகாரத்தில் கூறுவது, புறத்தோற்றத்தைக் கொண்டு ஒருவரை எடைபோடும் வழக்கம் அன்றே நிலவியதற்குச் சான்றாகும்.

தலைமுடி குறித்து அரசுகள் ஆணையிட்டதும் உண்டு. சீனத்தில் 1645இல் மஞ்சு அரசு பின்னலைக் கட்டாயமாக்கியது. 1911ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்துப் பின்னலை அறுத்தல் புதிய ஆட்சியின் அடையாளமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1806இல் சிப்பாய்களின் சாதிக்குறி, தாடி, மீசை ஆகியவற்றை ஒழுங்குபடுத்திய இராணுவ விதியும் புதிய தலைப்பாகையும் அவ்வாண்டு சூலை 10ஆம் நாள் வெடித்த வேலூர்ப் புரட்சிக்குக் காரணங்களாயின. ஆனால் படைமுகாமுக்கு வெளியே, தென் தமிழக ஊர்களில் குடிமக்களின் தலைமுடியைத் தீர்மானித்தது அரசாணையன்று, சாதி வழக்கமே.

கால்டுவெல் கண்ட குடுமி

கிறித்தவர்களாக மாறிய தமிழர் குடுமியை நீக்க வேண்டுமா என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மறைப்பணியாளரிடையே பெரும் விவாதமாயிற்று. குடுமி இந்து சமயச் சின்னம். ஆகவே களையப்பட வேண்டும் என்று ஒரு சாரார் கருதினர். இடையன்குடியில் பணியாற்றிய இராபர்ட் கால்டுவெல் 1867இல் குடுமி பற்றித் தனிக் குறுநூல் எழுதி இதனை மறுத்தார். குடுமி சமயச் சின்னம் அன்று, சமூக மதிப்பின் அடையாளமே என்பது அவரது வாதம்.

எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு (1909) வழியாகப் பின்னர் பரவலாக அறியப்பட்ட அவரது குறிப்புகள் மூன்று செய்திகளைத் தருகின்றன. முதலாவது, வேளாளர் அக்காலத்தில் பெரும்பாலும் குடுமி வைத்திருந்தனர். ஆனால் தம் முன்னோர் நீண்ட முடி வளர்த்ததை அவர்களே ஒப்புக்கொண்டனர். இரண்டாவது, மறவருள் வறியோர் முடியை நீள வளர்க்க, வசதி படைத்தோர் குடுமி வைத்தனர். மூன்றாவது, திருநெல்வேலிப் பகுதியில் பள்ளர் என்று அக்கால ஆவணங்கள் குறிக்கும் மக்களுள் பெரும்பாலோர் அண்மையில்தான் நீண்ட முடியை விடுத்துக் குடுமிக்கு மாறியிருந்தனர். பறையரிடையேயும் அது பரவி வந்தது. மதிப்பான தோற்றத்தின்மீது நாட்டம் பரவும் அளவுக்குக் குடுமியும் பரவுகிறது என்று கால்டுவெல் முடிவு கண்டார்.

கால்டுவெல்லின் இன, நாகரிகக் கருத்தாக்கங்கள் இன்று மறுபரிசீலனைக்கு உரியவை. எனினும் அவரது நேரடி அவதானிப்பு முக்கியமானது. பிற்காலத்தில் பழமையின் சின்னமாகக் கருதப்பட்ட குடுமி, 1867இல் இவ்வட்டாரத்தின் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் புதுமையாக இருந்தது. முன்னேற்றத்தின் குறியாகவும் இருந்தது. அடுத்த இரு தலைமுறைகளுக்குள் அவ்விடத்தைக் கிராப்பு பிடித்தது. ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவமான ‘கிராப்பு’, கல்வி, அரசு உத்தியோகம், பட்டாளம், கடல்கடந்த பயணம் ஆகியவற்றோடு இணைந்து புதிய மதிப்பைப் பெற்றது.

வீட்டார் பார்வையில் கிராப்பு

மேல்சாதியினருக்கும் கிராப்பு எளிதில் கிட்டிவிடவில்லை. எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, 1898இல் காசி சென்று அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கினார். அங்குக் குடுமியைக் களைந்து கிராப்பும் மீசையும் தலைப்பாகையுமாக மாறியபோது, அத்தையின் கணவர் கிருஷ்ணசிவனுக்கு அது உடன்பாடாகவில்லை என்பதை வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்துள்ளன. ஆசாரம் மிக்க அவ்வீட்டில் முடிவெட்டு, உடன் அமர்ந்து உண்பதைப் பாதிக்கும் சிக்கலாயிற்று.

கணித மேதை இராமானுஜன் 1914 மார்ச்சு 17ஆம் நாள் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணத்திற்கு முன் அவரது குடுமி வெட்டப்பட்டது. அக்கோலத்தில் தம்மை அவர்கள் காண வேண்டாம் எனத் தாயையும் மனைவியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். பாரதிக்குக் கிராப்பு தாமே விரும்பி ஏற்ற கோலம்; இராமானுஜனுக்கு அது பயணம் சுமத்திய கோலம். இருவருமே உறவினரின் பார்வையை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் முடியை வெட்டக் கூடாது என்று ஊர் கூடித் தடுக்கும் நிலை இருவருக்கும் இல்லை. வெட்டுவதற்கு ஆளும் இருந்தார். இவ்வேறுபாடு அடுத்து வரும் நிகழ்வைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும்.

1930: கிராப்புக்குத் தடை

1931ஆம் ஆண்டு இந்தியக் குடிமதிப்புக்குப் பொறுப்பேற்றிருந்த ஜே.எச். ஹட்டன், இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 திசம்பரில் கள்ளர் சமூகத்தினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்ததைப் பதிவு செய்துள்ளார். பொன், வெள்ளி அணிகள் கூடாது. ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் ஆடை உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் அணியக் கூடாது. முடியைக் கிராப்பாக வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூச்சூடுவதும் மஞ்சள் பூசுவதும் கூடாது. ஆடவர் குடையும் செருப்பும் பயன்படுத்தக் கூடாது என்பன அவை. இத்தடைகள் மீறப்பட்டபோது குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியமும் உடைமைகளும் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளையிடப்பட்டன. 1931 சூனில் தடைகள் பதினொன்றாக விரிந்தன. நிலம் குத்தகைக்கு எடுத்தலும் பிள்ளைகளைப் படிக்க வைத்தலும் அவற்றுள் தடுக்கப்பட்டன. கூலியும் வேலை நேரமும் வரையறுக்கப்பட்டன.

இப்பட்டியலில் இரண்டு கூறுகள் நோக்கத்தக்கவை. ஒன்று, தடை ஏற்படுவதற்கு முன்னரே பழக்கம் தோன்றியிருக்க வேண்டும். ஆதிதிராவிட இளைஞர்கள் கிராப்பு வெட்டத் தொடங்கியிருந்தமையால்தான் அதனைத் தடுக்கும் தேவை எழுந்தது. ஆகவே இப்பட்டியல் ஒடுக்குமுறையின் ஆவணமாக இருப்பதோடு, எழுத்தில் பதிவாகாத ஒரு மக்கள் எழுச்சியின் சுவடாகவும் அமைகிறது. மற்றொன்று, முதலில் உடல்மீது விதிக்கப்பட்ட தடை ஆறு திங்களுக்குள் நிலம், கூலி, கல்வி ஆகியவற்றின்மீது நேரடியாகப் பாய்ந்தது. தலையைத் தன் விருப்பப்படி வைத்திருப்பவன் உழைப்பையும் தன் விருப்பப்படி விற்பான் என்னும் அச்சமே இரண்டையும் இணைத்தது எனலாம்.

கால்டுவெல் காலத்தில் மதிப்புக்குரியது குடுமி. 1930இல் அது கிராப்பு. வடிவம் தலைகீழாக மாறியபோதும் தாழ்த்தப்பட்டோர் மதிப்பான தோற்றத்தைக் கைக்கொள்வது பிறரின் இசைவுக்கு உட்பட்டது என்னும் எண்ணம் மாறவில்லை.

பதினொரு தடைகள் விதிக்கப்பட்ட அதே 1931ஆம் ஆண்டு, அதே மாவட்டத்தைச் சேர்ந்த விருதுநகரில் மூன்றாவது சுயமரியாதை மாகாண மாநாடு நடைபெற்றது. சாதிப் பட்டங்களைத் துறத்தல், பெண்ணுரிமை ஆகியவற்றை முன்வைத்த அவ்வியக்கத்தின் தலைவர் பெரியார், பெண்களும் ஆண்களைப் போலக் கிராப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். கைம்பெண்களின் தலையை மழிக்கும் வழக்கம் பிராமணர் போன்ற சில சாதிகளில் நிலவிய காலத்தில் இக்கருத்து முன்வைக்கப்பட்டது. ஒருத்தியின் முடி அவள் விருப்பமின்றி மழிக்கப்படுவதும், ஒருவனின் முடி அவன் விரும்பியும் வெட்டப்படாததும் ஒரே அதிகாரத்தின் இரு முகங்களாகும்.

கத்தரி பிடித்த கை

முடி உரிமை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வெட்டிக்கொள்பவரை மட்டுமே கருத்தில் கொள்கின்றன. வெட்டுபவரின் நிலை தனியே கருதத்தக்கது. தென் தமிழக ஊர்களில் ‘குடிமகன்’ என்று அழைக்கப்பட்ட நாவிதர், ஊருக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர். அறுவடைக் காலத்தில் அளிக்கப்படும் தானியமே அவரது ஊதியம். சவரத்தோடு சிறு மருத்துவம், திருமண, ஈமச் சடங்குகள் ஆகியவற்றையும் அவர் செய்தார்; அச்சமூகப் பெண்கள் மருத்துவச்சியராக மகப்பேறு பார்த்தனர். ஊரின் ஒவ்வொரு வாழ்வு நிகழ்விலும் இன்றியமையாதவராக இருந்தும் ஊரவையில் அவருக்குக் குரல் இல்லை. யாருக்கு வெட்டலாம், யாருக்கு வெட்டக் கூடாது என்பதையும் ஊரே வகுத்தது. ஊர்விலக்குச் செய்யப்பட்டவருக்கு முதலில் நிறுத்தப்பட்டவை நாவிதர், வண்ணார் ஆகியோரின் பணிகளே.

எனவே தலித் ஒருவருக்கு நாவிதர் முடிவெட்ட மறுத்ததை அவரது சாதியுணர்வாக மட்டும் காண்பது முழுமையாகாது. வெட்டினால் பிற வீடுகளின் வருவாய் நின்றுபோகும் என்னும் அச்சமும் அவருக்கிருந்தது. தொழிலாளர் ஒன்றுபட்டால் அவ்வதிகாரத்தை எதிர்க்க முடியும் என்பதற்குப் பம்பாய் ஓர் எடுத்துக்காட்டு. 1890இல் அங்கு நாவிதர்கள் கூடிக் கைம்பெண்களின் தலையை மழிப்பதில்லை என்று முடிவெடுத்தனர். சத்தியசோதக் சமாஜத்தின் நாராயண் மேகாஜி லோகண்டே அதற்குத் துணை நின்றார்.

தமிழகத்தில் இவ்வுறவை மாற்றிய அமைப்பு சலூன். வீட்டுத் திண்ணையிலும் மரநிழலிலும் நடந்த சவரம், நகரின் கடைத்தெருவுக்கு வந்தது. தானியத்தின் இடத்தில் காசு வந்தது. நாவிதர் வாடிக்கையாளரைத் தேடிச் சென்ற நிலை மாறி, வாடிக்கையாளர் நாவிதரைத் தேடி வந்தார். சுழல் நாற்காலியும் நிலைக்கண்ணாடியும் நாளிதழும் அவ்விடத்தைப் பொதுவெளியாக்கின. திராவிட இயக்க ஏடுகள் வாசிக்கப்பட்ட இடங்களுள் சலூன்களும் அடங்கும். ஊரில் கிட்டாத கிராப்பைத் தேடிப் பலர் நகருக்கு நடந்தனர். ஆயினும் சிற்றூர்ச் சலூன்களில் பழைய விலக்கு புதிய சுவர்களுக்குள் தொடர்ந்தது.

‘கடை’ என்பது யாது?

இந்தியச் சட்டம் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையின் விவாதத்திற்கு வந்தபோது, அதிலுள்ள ‘கடை’ என்னும் சொல் எவற்றையெல்லாம் உள்ளடக்கும் என்ற கேள்வி எழுந்தது. பொருள் விற்கும் இடத்தை மட்டுமின்றி, நாடி வருவோருக்குப் பணி செய்ய முன்வரும் எவரது இடத்தையும் அச்சொல் குறிக்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். முடிதிருத்தும் நிலையத்தை 15(2)ஆம் உறுப்பின் எல்லைக்குள் கொணர்வது இவ்விளக்கமே.

17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அதன் நடைமுறையைத் தண்டனைக்குரியதாக்கியது. 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர்மாற்றம் பெற்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடியினரின் தலையை வலிந்து மழிப்பதையும் மீசையை அகற்றுவதையும் வன்கொடுமைகளாக வெளிப்படையாகப் பெயரிட்டது. தலைமுடி மனித மாண்பின் பகுதி என்பது இவ்வாறு சட்டத்தின் மொழியில் இடம்பெற்றது.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வருவன தெளிவாகின்றன.

குடுமி பழமை, கிராப்பு புதுமை என்னும் நேர்கோட்டு விளக்கம் தென் தமிழகத்திற்குப் பொருந்தாது. ஒவ்வொரு காலத்திலும் மதிப்புப் பெற்ற வடிவத்தை நோக்கி மக்கள் நகர்ந்தனர். அந்நகர்வைத் தடுக்க முயன்றதே பூசலாயிற்று.

உறவினரின் குறைகூறலும் ஊரின் தடையும் ஒரே தன்மையன அல்ல. முன்னதைப் பாரதியைப் போல ஏற்றுக்கொண்டு வாழ இயலும். பின்னது வீட்டையும் தானியத்தையும் அழிக்கும் வன்முறையாக மாறக்கூடியது. இரண்டையும் ‘பிறர் கருத்து’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது வரலாற்றை மறைத்துவிடும்.

முடி உரிமை விருப்பத்தால் மட்டும் நிறைவேறுவதன்று. அதற்கு அச்சமின்றி வெட்டக்கூடிய கையும் தேவை. நாவிதர் ஊரின் ஊழியராக இருந்தவரை வாடிக்கையாளரின் விருப்பமும் ஊரின் பிடியிலேயே இருந்தது. முடிதிருத்துநரின் விடுதலையையும் வாடிக்கையாளரின் விடுதலையையும் தனித்தனியே எழுதாமல் ஒரே வரலாறாக எழுதுவது இத்துறையின் அடுத்த பணியாகும். மல்லாங்கிணற்றில் ஓர் இளைஞர் படத்தைக் காட்டித் தயக்கமின்றிக் கேட்பதற்கும், முடிதிருத்துநர் அவர் யாரெனக் கேளாமல் வெட்டுவதற்கும் பின்னால் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் உள்ளது.