காவல்துறையிடம் கேள்வி கேட்க உரிய நேரம் எது?

2024 செப்டம்பர் 16 அன்று காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணியாகச் செல்ல முயன்ற சாம்சங் தொழிலாளர்கள் 104 பேரைக் காவல்துறை தடுத்துக் காவலில் வைத்தது. அக்டோபர் 8 இரவு தொழிலாளர்கள் சிலர் வீடுகளில் கைது செய்யப்பட்டனர். சுங்குவார்சத்திரத்தில் அவர்கள் அமர்ந்திருந்த போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது. மறுநாளும் கைதுகள் தொடர்ந்தன. பணியில் இருந்த காவல் அதிகாரியைத் தாக்கியதாலேயே கைது செய்தோம் என்று காவல்துறை கூறியது. சிஐடியு ஆதரவுடன் தொடங்கப்பட்ட தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதே தொழிலாளர்களின் முதன்மைக் கோரிக்கை. செப்டம்பர் 9 அன்று தொடங்கிய அந்த வேலைநிறுத்தம் 37 நாள்கள் நீடித்தது.

அந்த 37 நாள்களில் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு நாள்கூடக் கூடவில்லை. நிதிநிலைக் கூட்டத்தொடர் ஜூன் 29 அன்று முடிந்திருந்தது. அடுத்த கூட்டம் டிசம்பர் 9 அன்றுதான் தொடங்கியது. அதுவும் இரண்டே நாள்கள். ஸ்ரீபெரும்புதூர் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. அத்தொகுதியின் உறுப்பினர் அப்போது ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சியான காங்கிரஸின் மாநிலத் தலைவராகவும் இருந்தார். இடதுசாரிக் கட்சிகளுக்கும் விடுதலைச் சிறுத்தைகளுக்கும் பேரவையில் இடங்கள் இருந்தன. போராட்டத்தை ஆதரித்துக் குரல் எழுப்ப இவர்களுக்கு மேடைகள் இருந்தன. பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைச்சரை நிறுத்திக் கேட்க அவை இல்லை.

போராட்டங்களைக் காவல்துறை கையாண்ட விதம் பற்றி மக்கள் பிரதிநிதிகள் எப்போது கேட்க வேண்டும்? உடனே கேட்டால் சட்டம் ஒழுங்குப் பணிக்கு இடையூறு என்பர். பின்னர் கேட்டால் விசாரணை நடக்கிறது என்பர். விசாரணை முடிந்தபின் கேட்டால் பழைய கதை என்பர். இந்த மூன்று பதில்களுக்கு இடையே உரிய நேரம் எது என்பதை இங்கு ஆராய்கிறோம்.

நேரத்தைத் தீர்மானிப்பவர் யார்?

அரசியலமைப்பின் 174ஆம் உறுப்பின்படி, ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த கூட்டத்தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதங்கள் கடக்கக் கூடாது. அவையைக் கூட்டுபவர் ஆளுநர். ஆனால் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டும். ஆகவே காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் அங்கம் வகிக்கும் அமைச்சரவையே, அவரிடம் கேள்வி கேட்கப்படும் நாளையும் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் காவல்துறை பெரும்பாலும் முதலமைச்சரிடமே இருந்து வந்துள்ளது. ஆண்டுக்கு 100 நாள்களேனும் சட்டமன்றம் கூடும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக வாக்குறுதி அளித்தது. அது நிறைவேறியிருந்தால் சுங்குவார்சத்திரப் பந்தல் பிரிக்கப்பட்ட வாரத்தில் அவை கூடியிருக்கும் வாய்ப்பு பெருகியிருக்கும்.

அவை கூடியிருக்கும்போதும் வழிகள் குறுகலானவை. எழுத்து வினாக்களுக்குப் பல நாள்கள் முன்னதாக அறிவிப்பு தர வேண்டும். கவன ஈர்ப்புத் தீர்மானத்தையும் ஒத்திவைப்புத் தீர்மானத்தையும் அனுமதிப்பது பேரவைத் தலைவரின் முடிவு. கள்ளக்குறிச்சி விஷச்சாராய மரணங்களைப் பற்றிக் கேள்வி நேரத்தை ஒத்திவைத்து விவாதிக்க வேண்டும் என்று 2024 ஜூனில் அதிமுக உறுப்பினர்கள் வலியுறுத்தினர். கேள்வி நேரம் முடிந்தபின் எழுப்பலாம் என்பது பேரவைத் தலைவரின் நிலை. முடிவில் அவர்கள் அக்கூட்டத்தொடர் முழுவதற்கும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எதைக் கேட்பது என்பதில் தொடங்கிய சண்டை, எப்போது கேட்பது என்பதில் முடிந்தது.

எஞ்சுவது காவல்துறை மானியக் கோரிக்கை மீதான விவாதம். அது ஆண்டுக்கு ஒரு முறை வருவது. 2025இல் அது கூட்டத்தொடரின் கடைசி நாள்களான ஏப்ரல் 28, 29 தேதிகளில் நடந்தது. சாம்சங் தொழிலாளர்கள் காவலில் வைக்கப்பட்டு ஏழு மாதங்களுக்கு மேல் கடந்திருந்தன. மாநிலம் முழுவதற்குமான ஓராண்டுக் காவல் பணி அந்த ஓரிரு நாள்களுக்குள் பேசப்பட்டாக வேண்டும்.

உடனடிப் பதிலும் பிந்திய பதிலும்

அவை கூடியிருந்தாலே நீதி கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. 2011 செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் தலித்துகள் ஆறு பேர் கொல்லப்பட்டனர். சட்டமன்றம் அப்போது கூட்டத்தொடரில் இருந்தது. மறுநாளே முதலமைச்சர் ஜெயலலிதா அவையில் அறிக்கை அளித்தார். உயிரையும் உடைமையையும் காக்கவே காவல்துறை சுட்டது என்பது அதன் சாரம். விசாரணை தொடங்கும் முன்பே, ஆவணம் எதுவும் அவையில் வைக்கப்படாமலே, அரசின் கதை அவைக்குறிப்பில் ஏறிவிட்டது. பின்னர் அமைக்கப்பட்ட நீதிபதி சம்பத் ஆணையமும் துப்பாக்கிச்சூட்டை நியாயப்படுத்தியது.

தூத்துக்குடியில் நடந்தது வேறு. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் சுடத் தொடங்கிய காவல்துறையால் 13 பேர் உயிரிழந்தனர். மே 29 அன்று அவை கூடியபோது முதலமைச்சர் பழனிசாமி விளக்கம் அளித்தார். கறுப்புச் சட்டையுடன் வந்த திமுக உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் தன் இறுதி அறிக்கையை 2022 மே 18 அன்று அரசிடம் அளித்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று அது அவையில் வைக்கப்பட்டது. காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்திருந்தது. அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. அன்று பதில் சொல்ல வேண்டியவர் எதிர்க்கட்சித் தலைவராகியிருந்தார். அன்று கேட்டவர்கள் ஆளும் வரிசையில் இருந்தனர். அறிக்கையை அரசு பெற்ற ஆறு மாதங்களுக்குள் நடவடிக்கைக் குறிப்புடன் அவையில் வைக்க வேண்டும் என்கிறது 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டம். ஆனால் ஆணையம் எத்தனை ஆண்டுகளில் அறிக்கை தர வேண்டும் என்பதற்கு அச்சட்டத்தில் கால வரம்பு இல்லை. அதை அரசே குறிக்கிறது, அரசே நீட்டிக்கிறது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கேள்வி இரண்டு முறை கேட்கப்பட வேண்டும். முதல் கேள்வி நடந்ததைப் பற்றியது. அது சில நாள்களுக்குள், ஆவணங்களுடன் பதிலளிக்கப்பட வேண்டும். இரண்டாம் கேள்வி பொறுப்பைப் பற்றியது. அது விசாரணை முடிந்தபின், குறித்த தேதியில் கேட்கப்பட வேண்டும். நம் அவைகளில் முதல் கேள்வியின் இடத்தில் அமைச்சரின் அறிக்கை நிற்கிறது. இரண்டாம் கேள்வியின் இடத்தில் ஆணையத்தின் கால நீட்டிப்பு நிற்கிறது.

‘விசாரணையில் உள்ளது’ என்ற தடை

நீதிமன்றத்தின் முன் உள்ள பொருளை அவையில் எழுப்பக் கூடாது என்ற மரபுக்கு நியாயம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தொழிலாளராக இருந்தாலும் காவலராக இருந்தாலும், அவருக்கு எதிரான தீர்ப்பைச் சட்டமன்றம் எழுதக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் பாதுகாப்புப் பணியின் திட்டத்தை அவையில் விரித்துரைக்கவும் முடியாது. ஆனால் எத்தனை பேர் கைதாயினர், எந்தச் சட்டப்பிரிவின் கீழ், எந்த அதிகாரியின் ஆணைப்படி, எத்தனை மணிக்கு, எங்கே வைக்கப்பட்டனர், எப்போது நடுவர் முன் நிறுத்தப்பட்டனர் என்பவை தீர்ப்பைப் பாதிக்கும் கேள்விகள் அல்ல. இவை காவல்துறை தன் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டிய விவரங்கள்.

நீதிமன்றம் இருக்கிறதே, அவை எதற்கு என்ற கேள்வியும் எழும். சாம்சங் தொழிலாளர்கள் கைதின்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. அவர்கள் விடுவிக்கப்பட்டுவிட்டதாக அரசுத் தரப்பு தெரிவித்தது. ஆட்கொணர்வு மனு ‘ஆள் எங்கே, காவல் சட்டப்படியானதா’ என்று கேட்கிறது. ஆள் வெளியே வந்ததும் அதன் வேலை முடிகிறது. இரவில் வீடு தேடிச் செல்லும் முடிவை யார் எடுத்தது, தொழிற்தகராறு ஒன்று எந்தக் கட்டத்தில் காவல் நிலைய விவகாரமானது என்பவை கொள்கைக் கேள்விகள். அவற்றுக்கு உரிய இடம் சட்டமன்றமே.

மறையும் சான்றுகள்

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? சான்றுகளுக்கு ஆயுள் உண்டு. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையங்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை 18 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்றும், அதற்கு வசதியில்லாத இடத்தில்கூட ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றும் ஆணையிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து வரும் ஆணைய அறிக்கைக்கு அந்தப் பதிவுகள் துணை நிற்கா.

போராடுவோரைக் கைது செய்து திருமண மண்டபத்தில் வைத்து, மாலையில் விடுவிப்பது தமிழ்நாட்டில் நீண்டகால வழக்கம். ‘எல்லோரையும் விட்டுவிட்டோமே’ என்ற பதிலோடு விவகாரம் முடிக்கப்படுகிறது. மண்டபம் காவல் நிலையம் அன்று; நிலையத்துக்கான கேமரா விதியை மண்டபத்தில் யாரும் எதிர்பார்க்க இயலாது. அங்கே என்ன நடந்தது என்பதற்கு அன்றிருந்தவர்களின் நினைவே சான்று. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்துச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அவர்களில் பலரைக் காவல்துறை காவலில் எடுத்தது. வேலைக்காக வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கும் பெண்கள் வேலை மாறினாலோ ஊர் திரும்பினாலோ, சான்று சொல்பவர்களும் கலைந்துவிடுகின்றனர்.

இந்நிலப்பகுதிக்கு இது புதிதன்று. இன்றைய ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அன்று அடங்கியிருந்த ஒன்றுபட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில்தான், காரணை பஞ்சமி நில மீட்புக்காகப் போராடிய தலித் மக்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். நிலத்துக்காகக் கேட்டாலும் சங்கத்துக்காகக் கேட்டாலும் முதலில் வருபவர் காவலர். இறுதியில் வருபவரே அமைச்சர்.

வேறு அவைகள் எப்படிக் கேட்கின்றன?

பிரிட்டனில் 2023 மே 6 அன்று மன்னரின் முடிசூட்டு விழாவின்போது லண்டன் காவல்துறை 64 பேரைக் கைது செய்தது. முடியாட்சியை எதிர்த்துப் போராட வந்தவர்களும் அவர்களில் அடங்குவர். மே 17 அன்று, பதினோரே நாள்களில், நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழு போராட்டங்களைக் கையாளும் முறை குறித்துப் பொது விசாரணை அமர்வை நடத்தியது. அங்கே அரசு மனம் வைத்துக் கூட்டியதால் அது நடக்கவில்லை. கேள்வி கேட்கும் அதிகாரம் படைத்த நிலையான குழு ஏற்கெனவே இருந்தது.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழுக்கள் 1993 முதல் இயங்குகின்றன. கேரளச் சட்டமன்றத்தில் 1980 முதல் துறைவாரிப் பொருட்குழுக்கள் உள்ளன. தமிழ்நாடு சட்டமன்றத்தில் பொதுக்கணக்குக் குழு, மனுக்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு போன்றவை உண்டு. காவல்துறைக்கென ஒரு குழு இல்லை. 2013ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் ஒரு மாநிலப் புகார் ஆணையத்தை அமைத்தது. பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியபடி ஓய்வுபெற்ற நீதிபதி அதற்குத் தலைமை ஏற்கவில்லை. உள்துறைச் செயலாளரே ஏற்றார்.

நாம் கோர வேண்டியவை

முதலாவதாக, துப்பாக்கிச்சூடு, தடியடி, கூட்டக் கைது ஆகியவை நடந்த 15 நாள்களுக்குள், அவை கூடியிருந்தாலும் இல்லாவிட்டாலும், கைது விவரங்களுடன் கூடிய அறிக்கை எல்லா உறுப்பினர்களுக்கும் அளிக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, அவை கூடாத காலத்திலும் அமர்ந்து விசாரிக்கும் உள்துறைக் குழு ஒன்று வேண்டும். அதில் எதிர்க்கட்சியினருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்களுக்கும் இடம் உறுதி செய்யப்பட வேண்டும். மூன்றாவதாக, விசாரணை ஆணையத்தின் காலத்தை நீட்டிக்க அவையின் ஒப்புதல் தேவை என்று விதி வர வேண்டும்.

இவை வரும்வரை நம் கையில் உள்ளவற்றைப் பயன்படுத்துவோம். கைது நடந்த அன்றே பெயர், நேரம், இடம், வாகன எண் ஆகியவற்றை எழுதி வைப்போம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆம் பிரிவு கோரும் கைதுக் குறிப்பையும், 47ஆம் பிரிவு கோரும் கைதுக்கான காரணத்தையும் கேட்டுப் பெறுவோம். கேமராப் பதிவைப் பாதுகாக்குமாறு முதல் வாரத்திலேயே எழுத்து மூலம் கோருவோம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்போம். இவற்றின் நகலைத் தொகுதி உறுப்பினரிடம் அளித்து ஒப்புகை பெறுவோம். அவை கூடும் நாளில் ‘எனக்குத் தகவல் இல்லை’ என்று அவர் சொல்ல அது இடம் தராது.

சாம்சங் தொழிலாளர்களின் சங்கம், உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின், 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. அவர்கள் கேட்டது சட்டம் தந்த உரிமையே என்பது அதனால் உறுதியாயிற்று. அந்த உரிமையைக் கேட்டதற்காக 104 பேரை ஏன் காவலில் வைக்க வேண்டியிருந்தது என்ற கேள்வி அவையின் முன் இன்னமும் வைக்கத் தக்கதே.