கரை சேராதவர்கள் – 9: கண்டிச் சீமையிலிருந்து கண்டியாபுரம்

பிழைத்தார்கள்.

சென்ற வாரம் நடுக்கடலில் விட்டுவந்தோமே, அந்த 'லேடி ஆர் 3' கப்பலில் இருந்தவர்களைத்தான் சொல்கிறேன். 303 பேர், இலங்கையர், பெரும்பாலும் தமிழர். கனடா போய்ச் சேரலாம் என்று கிளம்பியவர்கள். கப்பல் மூழ்கத் தொடங்கிய நேரத்தில் அந்தப் பக்கமாக வந்த 'ஹீலியோஸ் லீடர்' என்ற ஜப்பான் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. 2022 நவம்பரில் அது அவர்களை இறக்கிவிட்ட துறைமுகம் வுங் தாவ். வியட்நாமில் இருக்கிறது.

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்த பிறகு வியட்நாமியர்கள் மீன்பிடிப் படகுகளில் ஏறித் தப்பிய கரைகளில் அதே வுங் தாவும் ஒன்று! அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் அப்படிப் படகில் போய் அயல்நாட்டுக் கரை ஏறினார்கள். வழியில் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கு கிடையாது. புலம்பெயர்ந்த வியட்நாமியருக்கு ஏப்ரல் 30 'கறுப்பு ஏப்ரல்'. கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரக் கல்லறைத் தோட்டத்தில் படகு மக்களுக்கென்றே 2009இல் சிலைகள் நிறுவி, கடலில் மாண்டவர்களின் பெயர்களைக் கற்களில் பொறித்தார்கள். ஆளுக்கொரு கல் இல்லாவிட்டாலும் பெயருக்கொரு வரி உண்டு.

அதே 2009தான் நமக்கு முள்ளிவாய்க்கால். மே 18இல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து நினைவுகூர்வது இன்று ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் வழக்கமாகிவிட்டது. தஞ்சாவூர் பக்கம் விளாரில் 2013இல் முள்ளிவாய்க்கால் நினைவு முற்றம் எழுந்தது. திறந்த சில நாளிலேயே அதன் சுற்றுச்சுவர் இடிக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த நினைவுச் சின்னத்தை 2021 ஜனவரி 8 இரவு இடித்தார்கள். மாணவர்கள் விடவில்லை, ஏப்ரலில் திரும்ப எழுந்தது. கனடாவின் பிராம்ப்டனில் 2025 மே 10இல் ஒன்று திறக்கப்பட்டது. கல் வைப்பதற்கே இத்தனை சண்டை போட வேண்டியிருக்கிறது நமக்கு.

சரி, விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டைக்கு வருவோம். வைப்பாற்றங்கரை. 2022 மார்ச்சில் மேட்டுக்காட்டில் தொல்லியல் துறை குழி போட்டுச் சங்கு வளையல் எடுத்த பிறகுதான் பத்திரிகைக்காரர்கள் பட்டாசு விபத்து அல்லாத காரியத்துக்காக இந்தப் பக்கம் வந்தார்கள். முதலிப்பட்டி 2012, அச்சங்குளம் 2021 என்று விபத்தை வைத்து வருஷத்தைச் சொல்கிற பூமி. இதே வட்டாரத்தில் கண்டியாபுரத்தில் ஓர் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. சிவகாசியை ஒட்டி அனுப்பன்குளத்தில் ஒன்று, செவலூரில் ஒன்று. ஷெல்லடிக்குப் பதுங்குகுழி வெட்டிப் பழகியவர்களைப் பகலெல்லாம் சோதனை வெடி கேட்கிற ஊர்களில் கொண்டுவந்து குடிவைத்திருக்கிறோம். இடம் ஒதுக்கிய அதிகாரிக்கு அந்த யோசனை வந்திருக்காது.

தமிழ்நாட்டு முகாம்களின் பழைய வீடு என்றால் பத்துக்குப் பத்து. மேலே தார் அட்டையோ தகரமோ. பெண் பெரியவளானால் நடுவே சேலையைக் கட்டித் தடுத்துக்கொள்ள வேண்டும். வருகைப் பதிவன்று வருவாய்த் துறைக்காரர் பதிவேட்டை விரித்து உட்கார, குடும்பமே வரிசையில் நிற்க வேண்டும். பெயிண்ட் அடிக்க வெளியூர் போனவன் அன்று வந்து சேராவிட்டால் அவன் பங்குப் பணக்கொடைக்கு வெட்டு.

இவர்களில் பலருடைய பாட்டன் பூட்டன் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். ராமநாதபுரம் ஜில்லா என்பார்கள். விருதுநகர் மாவட்டம் 1985 வரை அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தது!

தாது வருஷப் பஞ்சத்தில், 1876–78இல், கங்காணி பின்னால் கண்டிச் சீமைக்குப் போன கரிசல்காட்டு ஜனங்களை இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். மன்னார்க் காட்டு வழியில் விழுந்து செத்தவர்கள் போக மீதிப்பேர் மலைக்குப் போய்க் காப்பியும் தேயிலையும் வளர்த்தார்கள். 1948இல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த முதல் பெரிய சட்டங்களில் ஒன்று அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஆட்டுக் கிடையைப் பிரிப்பதுபோல. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தியா என்று எழுதிக் கொடுத்தவர்கள் தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தார்கள். கையில் குடும்ப அட்டை. மண்டபத்தில் பதிவு. பர்மாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்தவர்களைப் போலவே இவர்களும் அரசுக் கணக்கில் 'தாயகம் திரும்பியோர்'. குடியுரிமை உண்டு, கடனுதவி உண்டு.

1984இல் அந்தக் கப்பல் நின்றுபோனது. எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள். 1977 கலவரத்தில் தோட்டத்தைவிட்டு ஓடி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டி விவசாயம் செய்துகொண்டிருந்தவர்களும் அதில் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. 1990 ஜூனில் மறுபடி யுத்தம். அந்த முறை மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இக்கரைக்கு வந்தார்கள். இப்போது கப்பல் இல்லை, படகு. இரவில் புறப்பாடு. படகோட்டி சில நேரம் அரிச்சல்முனைக்கு முன்னாலேயே மணல் திட்டில் இறக்கிவிட்டு, "இதுதான் ராமேஸ்வரம்" என்று திரும்பிவிடுவான். விடிந்தால் சுற்றிலும் கடல். குடிக்கத் தண்ணீர் கிடையாது.

அதே குலம், அதே கடல், அதே மண்டபம். கப்பலில் வந்த அண்ணன் இந்தியக் குடிமகன். படகில் வந்த தம்பி கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்தவன். தம்பியின் பேரன் கரிசல்காட்டிலேயே பிறந்து பட்டாசு ஊரிலேயே பள்ளிக்கூடம் போனாலும் சட்டத்தின் கண்ணுக்கு அப்படித்தான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடியே 40 லட்சம் ரூபாய்க்குத் திட்டம் அறிவித்து, முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, வீடும் கட்டித் தருகிறது. நல்ல காரியம். ஆனால் குடியுரிமை டெல்லி கையில். 2019இல் வந்த திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. இது மறதி என்று நான் நம்பவில்லை.

1990 கடைசியில் இவர்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஊர்க்காரர்கள் அரிசியும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். "நம்ம ஆளுங்க" என்றார்கள்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு வெடித்தது. எட்டே மாதத்தில், 1992 ஜனவரியில், அகதிகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் கிளம்பியது. தாமாக விரும்பியே போகிறார்கள் என்றது அரசு. ஆதாரமாக அவர்கள் கையெழுத்திட்ட படிவங்களைக் காட்டியது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களிடம் நீட்டப்பட்ட அந்தப் படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன.

கையெழுத்துப் போட மறுத்தவர்கள் என்ன ஆனார்கள்? அடுத்த வாரம்.