கட்டுவிரியனின் இயந்திரம்



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இயந்திரத்தின் சத்தத்தைக் கொண்டே பொழுது சொல்லத் தெரியும். நாங்கள் பிள்ளைகளாக இருந்த தோட்டத்தில் மின்சாரம் தந்தது ஒரு பழைய டீசல் எஞ்சின். மாலையில் அது எழுந்து முனகினால்தான் லயங்களில் விளக்கு எரியும். ஒரு தீபாவளிக்கு முந்திய இரவு அது நின்றுவிட்டது. எஞ்சின்காரர் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு, விடிய விடிய அதைப் பிரித்துத் துடைத்துப் பூட்டி, எண்ணெய்க் குளியல் முடியும் முன்னே ஓட்டிவிட்டார். மறுநாள் முதல் பலகாரத் தட்டு அவர் வீட்டுக்குத்தான் போயிற்று. ஆனால் அவர் பெயர் தோட்டத்து எல்லையைத் தாண்டவில்லை.

இன்று நாம் பேசப்போவதும் நின்றுபோன ஓர் எஞ்சினைப் பற்றித்தான். அது இருந்தது ஒரு மரப் படகில்.

1934 ஆம் ஆண்டு ஜப்பானில் கட்டப்பட்ட அந்தப் படகின் நீளம் சுமார் 70 அடி. பெயர் கோஃபுகு மாரு. கோஃபுகு என்றால் நல்வாழ்வு என்று பொருள். சிங்கப்பூரைச் சுற்றி மீன் பிடித்த ஜப்பானியக் கூட்டத்தாருக்கு அது வேலை செய்து வந்தது. 1941 டிசம்பரில் போர் மூண்டதும் பிரிட்டிஷார் அதைப் பறிமுதல் செய்தார்கள். பின்னர் பில் ரெனால்ட்ஸ் என்ற ஆஸ்திரேலியர் அதை எடுத்துக்கொண்டார். சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரியில், குண்டுபட்டு மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பியவர்களைத் தீவு தீவாகத் தேடிச் சென்று, சுமாத்திராவுக்குக் கொண்டு சேர்த்தார். அப்படிக் கரை சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்கிறார்கள். அதன்பின் மேற்கே திரும்பிய படகு எங்கே போய் நின்றது தெரியுமா? நாகப்பட்டினத்தில்! நம் பாட்டன் பாட்டிமார் எந்தத் துறையில் கப்பலேறி வந்தார்களோ, அதே நாகப்பட்டினம்.

இந்தியாவில் அதற்குக் கிரெய்ட் என்று புதுப் பெயர் வைத்தார்கள். கிரெய்ட் என்பது நம் கட்டுவிரியன் பாம்பு. பால் வெட்டப் போகும்போது நாம் பயந்து ஒதுங்கும் அதே இனத்தை மலாய்க்காரர்கள் 'காத்தாம் தெபு' என்பார்கள். சத்தமில்லாமல் வந்து கடிக்கும். கடிபட்டவனுக்கு முதலில் வலிகூடத் தெரியாது. சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் ஒளிந்து சென்று ஜப்பானியக் கப்பல்களுக்கு வெடி வைப்பது என்று பிரிட்டிஷ் மேஜர் ஐவன் லயன் திட்டமிட்டிருந்தார். அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பெயர் பொருந்தியது, எஞ்சின் பொருந்தவில்லை. அதற்குள் இருந்தது பழைய ஜெர்மன் டீசல் எஞ்சின். படகைப் பெரிய கப்பலின் மேல்தளத்தில் ஏற்றித்தான் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1943 ஜனவரியில் சிட்னியிலிருந்து வடக்கே புறப்பட்ட பயணம், எஞ்சின் மீண்டும் மீண்டும் நின்றதால் கெட்டது. திட்டம் மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று.

டீசல் எஞ்சினுக்கு மின்பொறி வேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். உருளைக்குள் காற்றை இறுக்கும்போது அதே சூடு பல மடங்காகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் தூறலாகப் பாய்ந்ததும் தானே பற்றிக்கொள்ளும். உள்ளே இருக்கும் வளையங்கள் தேய்ந்து காற்று கசிந்தால் சூடு பிறக்காது, சூடு இல்லாவிட்டால் ஓட்டமும் இல்லை. வயதான எஞ்சின்கள் காலையில் எழ மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கடைசியில் வடகிழக்கு ஆஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் துறையில் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆறு உருளைகள் கொண்ட கார்ட்னர் எஞ்சினைப் பூட்டினார்கள். ஏறத்தாழ நூறு குதிரை சக்தி. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகே செய்யப்பட்ட அந்த வகை, அங்கே பஸ்களிலும் லாரிகளிலும் ஓடிப் பேர் வாங்கியது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மெக்டவல் என்ற பிரிட்டிஷ் கடற்படை எஞ்சின்காரருடையது.

அப்போதும் சோதனை தீரவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து கிளம்பிய சற்று நேரத்திலேயே, எஞ்சினையும் விசிறியையும் இணைக்கும் தண்டு முறிந்தது. பக்கத்தில் நின்ற சான்டிக்ளியர் என்ற அமெரிக்கக் கப்பலின் தொழிலாளர்கள் அதைப் பற்றவைத்துச் சேர்த்தார்கள். இது தற்காலிக வேலைதான், எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று எச்சரித்தும் அனுப்பினார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று யாரேனும் நினைத்திருந்தால் தவறு சொல்ல மாட்டோம். ஆனால் செப்டம்பர் 2 ஆம் தேதி பதினான்கு பேருடன் படகு கடலேறியது.

உடம்பில் கறுப்புச் சாயம் பூசி, சாரோங் கட்டி, ஜப்பானியக் கொடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். லொம்பொக் நீரிணையில் நீரோட்டம் எதிர்த்து அடித்தபோது, முழு வேகத்தில் ஓடியும் படகு நத்தையாய் நகர்ந்தது. அந்த இரவில் துப்பாக்கியால் என்ன பயன்? கீழே புகையிலும் வெக்கையிலும் ஒருவர் எஞ்சினுக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றதுதான் பயன்.

செப்டம்பர் 26 இரவு, ஆறு பேர் மூன்று மடக்குப் படகுகளில் துடுப்புப் போட்டுச் சிங்கப்பூரின் தெற்குத் துறைக்குள் நுழைந்தார்கள். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெடிகளைக் கப்பல்களின் அடியில் வைத்தார்கள். விடியற்காலையில் வெடித்தன. ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமுற்றன என்பது அவர்கள் கணக்கு. சில பிறகு செப்பனிடப்பட்டன. கிரெய்ட் அவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டது. வழியில் ஒரு ஜப்பானியப் போர்க்கப்பல் நள்ளிரவில் அருகே வந்து, சற்றுத் தூரம் கூடவே ஓடி, ஒன்றும் கேளாமல் விலகிப் போயிற்று. அக்டோபர் 19 இல் கிரெய்ட் எக்ஸ்மவுத் சேர்ந்தது. நாற்பத்தெட்டு நாள், ஏறத்தாழ 4,000 மைல். பற்றவைத்த தண்டு தாங்கிவிட்டது.

சாகசக் கதை இங்கே முடியும். வரலாறு இங்கே முடியவில்லை. இன்னொரு முறை இப்படித் தாக்க வேண்டும் என்பதற்காக, செய்தது யார் என்று நேச நாடுகள் வெளியே சொல்லவில்லை. உள்ளூர்க்காரர்களின் சதி என்று நினைத்த ஜப்பானிய ராணுவப் போலீஸ், அக்டோபர் 10 முதல் சிங்கப்பூரில் 57 பேரைப் பிடித்தது. வெடியைக் கண்ணாலும் கண்டிராதவர்களைச் சித்திரவதை செய்தார்கள். அவர்களில் 15 பேர் இறந்தார்கள். எலிசபெத் சோய் என்ற ஆசிரியை மாதக்கணக்கில் கூண்டில் கிடந்து மீண்டார். ஒரு ஆசிரியர் என்ற முறையில் அவர் பெயரை இங்கே சொல்லாமல் போக எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிரெய்ட் கரை சேர்வதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 17 இல், சயாம் மரண ரயில் பாதையின் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாக ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள் அங்கே காலராவிலும் பட்டினியிலும் மடிந்துகொண்டிருந்தார்கள். இங்கே அவர்கள் வீட்டார் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு வழி பார்த்திருந்தார்கள். தெற்கே கப்பல்கள் வெடித்த செய்தி அவர்களுக்கு எட்டியிருந்தாலும், அது எந்த லயத்துக்கும் ஒரு ஆளையும் திருப்பிக் கொடுத்திருக்காது.

போர் முடிந்தபின் படகு கைமாறிச் சபாவின் சண்டாக்கான் பக்கம் வந்து, ஒரு தோட்டக் கம்பெனிக்காக மரம் இழுக்கும் வேலையில் ஆண்டுக்கணக்கில் கழித்தது. ஆஸ்திரேலியர்கள் அதைத் தேடிக் கண்டு, நிதி திரட்டி வாங்கி, 1964 இல் சிட்னிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில், போர்க்காலத்துத் தோற்றத்துக்கே திருப்பப்பட்டு இருக்கிறது.