அம்மை குத்திய தழும்பு

என் வயதுக்காரர்கள் கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். பெரியம்மைக்கு அம்மை குத்திய அடையாளம் அது. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்த காலம். அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றாலே பிள்ளைகளை ஒளித்து வைத்த வீடுகள் உண்டு. மாரியாத்தாளுக்குக் கோபம் வந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம், காய்ச்சல் வரும் என்ற பயம் மறுபக்கம்.

அப்படியும் விடாமல் வீடு வீடாகப் போய்க் குத்தினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிறகு சொட்டு மருந்து வந்தது. 2011 ஜனவரிக்குப் பின் போலியோவும் இங்கே இல்லை.

அன்றைய பெற்றோர் ஊசிக்குப் பயந்தாலும் நோயைக் கண்ணால் பார்த்தவர்கள். இன்றைய பெற்றோர் பார்த்ததில்லை. அதனால் "அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்கிறார்கள். ஆனால் தட்டம்மை இன்னும் போகவில்லை. அதற்கு 9 மாதம் முடிந்ததும் ஒரு ஊசி, 16 மாதத்துக்கு மேல் இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் இலவசமாகவே போடுகிறார்கள். தவணை தவறியிருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். விட்டதைப் போட வழி சொல்வார்.